மயிரிழைக் கோணல்

மோட்டார் சாணை வந்து இறங்கிய அன்று, அதை எங்கே வைப்பது என்பதில்தான் மட்டக்கோல் அக்காவுக்குக் குழப்பம். பட்டறையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிளக் பாயிண்ட் இருந்தது ஜன்னலோர மூலையில் மட்டும். அந்த மூலையில் ஒரு முக்காலி கிடந்தது. பத்து மாதமாக அதில் யாரும் உட்காரவில்லை.

"முக்காலியைத் தூக்கிப் பரண் மேல போட்டுடலாமா அக்கா?" என்று கேட்டார் பக்கத்துக் கடை பாலிஷ்காரர். பெட்டியை உள்ளே தூக்கிவர அவர்தான் கை கொடுத்தார்.

"அது இருக்கட்டும். மெஷினைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

"வயர் எட்டாது."

"இழுத்துப் பாருங்க."

"இழுத்தா நீள இது ரப்பரா அக்கா, வயரு."

கடைசியில் முக்காலி ஒரு முழம் நகர்ந்தது. அதற்கு மேல் நகர அவள் விடவில்லை.

அவள் தச்சு வேலைக்காரி. அப்பாவிடமிருந்து வந்த தொழில். மேசை, நாற்காலி, அலமாரி, ஆர்டர் கொடுத்தால் கதவும் செய்வாள். அவள் இழைத்த இரண்டு பலகைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே ஒரு பொட்டு ஒளி வராது. அதனால்தான் தெருவில் அந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அவளுக்கும் அந்தப் பட்டத்தில் ஒரு பெருமை உண்டு. "என் கை போன இடத்துல ரசமட்டம் வெச்சுப் பார்த்துக்கோ" என்று வாடிக்கையாளர்களிடமே சொல்வாள்.

அவள் புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். கல்யாணமான இரண்டாவது வருஷம் அவள் ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் சாணைக்கல்லில் இரும்பை அழுத்தித் தேய்த்தால் வலி உயிர் போயிற்று. அன்றிலிருந்து தீட்டுகிற வேலை கண்டக்டருடையது ஆனது. அதிகாலை டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன், அந்த முக்காலியில் உட்கார்ந்து, எண்ணெய்க்கல்லை மடியருகே வைத்துக்கொண்டு, உளிகளையும் இழைப்புளி அலகுகளையும் தீட்டிவிட்டுத்தான் போவார். அவளை எதையும் தொட விடமாட்டார். அலகை இழைப்புளியில் செருகி, ஆப்பை இறுக்கி, மேசை மேல் வரிசையாக வைத்துவிட்டுச் சட்டையை மாட்டுவார்.

தேய்க்கும்போது தன் ரூட்டில் வரும் நிறுத்தங்களின் பெயர்களை ராகம் போட்டு முணுமுணுப்பார். மணிக்கூண்டு, பழைய மார்க்கெட், பாலத்தடி, பள்ளிக்கூடம். அடுப்படியில் நிற்பவளுக்கு, அவர் எந்த நிறுத்தத்தில் இருக்கிறார் என்று கேட்டாலே தெரியும், இரும்பு எவ்வளவு கூர்பட்டிருக்கிறது என்று. "பாலத்தடி வந்தாச்சா? அப்ப டீ போடலாம்" என்பாள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் காலைச் சத்தம் என்றால் அதுதான்.

பதினோரு மாதத்துக்கு முன்பு ஒரு மருத்துவமனைக்கு பெஞ்சுகள் வேண்டும் என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். கண்டக்டருக்கு அன்று விடுப்பு. பேச்சு நடக்கும்போது அவர் இடையில் புகுந்து, "நோயாளிங்க சாயறதுக்கு முதுகுப் பலகை கொஞ்சம் சரிவா இருந்தா நல்லாருக்குமே" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்த வரைபடம் கையில் இருந்தது; வந்தவர்களில் ஒருவர் அவர் பக்கம் தலையாட்டியும் விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

"இரும்பைத் தேய்க்கிறதைத் தவிர உங்களுக்கு வேற என்ன தெரியும்? மரத்தைப் பத்திப் பேச வந்துட்டீங்க!"

வந்தவர்கள் சங்கடமாகச் சிரித்தார்கள். கண்டக்டர் கையில் இருந்த அலகைப் பாதியில் விடாமல் கடைசி வரை தீட்டி, துடைத்து, இழைப்புளியில் பொருத்தி வைத்துவிட்டு எழுந்து போனார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் வரும் போகும்.

மூன்றாவது வாரம் அவர் பெட்டி கட்டினார். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் துறைமுக ஊர் டிப்போவில் ஆள் பற்றாக்குறையாம். விருப்பம் உள்ளவர்கள் போகலாம் என்று தாள் ஒட்டியிருந்தார்களாம். "ரெண்டு வருஷம்தான்" என்றார். சண்டை என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. போவதற்கு முன்பு வீட்டில் இருந்த அத்தனை இரும்பையும் தீட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு."

"வேலை?"

"போகுது."

அவ்வளவுதான். போனை வைத்த பிறகு சொல்ல நினைத்ததெல்லாம் வரிசை கட்டி நிற்கும். 'குழாய் ஒழுகுது, சட்டை தைக்கக் கொடுத்தது வந்துடுச்சு, ராத்திரி மழை பெஞ்சது' என்று பட்டறையில் தனியாக இருக்கும்போது வாய்விட்டே சொல்லிப் பார்ப்பாள். அதிகாலை ஐந்து மணிக்குத் தூக்கம் தானாகக் கலையும். படுத்தபடியே காது கொடுப்பாள். கீழே பட்டறை வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

அவர் தீட்டி வைத்த அலகுகள் மழுங்க மழுங்க, வலியைப் பொறுத்துக்கொண்டு கல்லில் பேருக்கு நாலு இழுப்பு இழுத்து ஓட்டினாள். ஒரு ஆணி குறுக்கே வந்து பெரிய இழைப்புளி அலகில் பல் விழுந்தது. அதற்கு மேல் நாலு இழுப்பில் ஆகிற காரியம் இல்லை. நூலகத்திலிருந்து நீளமான வாசிப்பு மேசைக்கு ஆர்டர் வேறு வந்திருந்தது. ஆறு பலகைகளை ஓரம் சேர்த்து ஒட்டவேண்டும். வேறு வழியில்லாமல்தான் மோட்டார் சாணையை வரவழைத்தாள்.

அதைப் பார்க்க அவள் நாத்தனார் வந்தாள். கண்டக்டரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு. மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, முக்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்:

"அண்ணனுக்குப் பதிலா ஆள் வெச்சாச்சு போல இருக்கு அண்ணி."

"கை வலிக்குதே, என்ன பண்ணச் சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல. தீட்டின மரத்துலயே கூர் பார்த்தீங்க. அவன் வாயில்லாப் பூச்சி, வண்டி ஏறிட்டான்."

நாத்தனார் போன பிறகு மட்டக்கோல் அக்கா மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

நல்ல மெஷின்தான், குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் பெரிய கல், அடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் நனைந்து நனைந்து நிதானமாகச் சுற்றும். இரும்பு சூடேறிக் கெட்டுப்போகாது. மறுபக்கம் பிசிறு எடுக்கத் தோல் சுற்றிய சக்கரம். கல்லுக்கு மேலே ஒரு கம்பி. அலகை ஒரு கவ்வியில் மாட்டிக் கம்பியில் நகர்த்தினால் போதும், கை நடுங்கினாலும் கோணம் மாறாது.

பல் விழுந்த அலகைக் கவ்வியில் மாட்டிக் கல்லில் இறக்கினாள். எடுத்துப் பார்த்தபோது வலது மூலையில் மட்டும் புதுசாகத் தேய்ந்த பளபளப்பு. இடது மூலையைக் கல் தொடவே இல்லை. கவ்வி சரியாக இல்லையோ என்று கழற்றி மாட்டினாள். மறுபடியும் அதே. மூலைமட்டத்தை எடுத்து அலகின் முனையில் வைத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். இடது ஓரத்தில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. அலகுதான் கோணல். இன்னொன்றை எடுத்தாள், அதுவும் இடப்பக்கம் மயிரிழை உள்வாங்கியிருந்தது. மழுங்கியபின் துணியில் சுற்றிப் போட்டிருந்த அலகுகளையும் பிரித்தாள். அத்தனையும் அப்படியே, ஒரே பக்கம், ஒரே அளவு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இருபத்திரண்டு வருஷமாக் கோணலாவே தேய்ச்சிருக்காரு மனுஷன்! நானும் இதை வெச்சு இழைச்சிருக்கேனே" என்று பாலிஷ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிரிப்பில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது. அன்று சொன்னது ஒன்றும் பொய்யில்லை என்று மனசு ஒரு மூலையில் சொல்லிக்கொண்டது. மாலைக்குள் எல்லா அலகையும் நேராக்கிவிட்டாள். முகம் பார்க்கலாம் போல மின்னின. அவர் கல்லில் கால் மணி நேரம் தேய்க்கும் அலகுக்கு இதில் ஐந்து நிமிஷம்.

மறுநாள் மேசைப் பலகைகளை இழைத்தாள். சுருள் சுருளாகச் சீவல் வந்தது. இவ்வளவு மெல்லிசாக வந்து பார்த்ததே இல்லை. இரண்டு பலகைகளைச் சேர்த்து நிறுத்தித் தூக்கிப் பார்த்தாள். நடுவில் வெளிச்சம், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும்.

மறுபடி இழைத்தாள். மறுபடி வெளிச்சம். மழைக்காலம், மரம் ஈரம் வாங்கியிருக்கும் என்று பலகையை மாற்றினாள். மேசை ஆடுகிறது என்று காலுக்கு ஆப்பு வைத்தாள். மெஷினைச் சந்தேகப்பட்டு அலகை மறுபடி தீட்டினாள். மூன்று நாள் போயிற்று. பலகைகள் அரை அங்குலம் குறுகியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பாலிஷ்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"யாருக்கு ஆடத் தெரியாது?" என்று இழைப்புளியோடு திரும்பினாள்.

"அடிச்சுடாதீங்க. நீங்க இழைக்கிறப்ப நான் பார்த்தேன். தள்ள ஆரம்பிச்ச உடனே உங்க இடது கை இறங்குது. இழைப்புளியே அந்தப் பக்கம் சாயுது. வேணும்னா மெதுவா ஒரு தடவை தள்ளிப் பாருங்க."

மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். கண்ணை மணிக்கட்டிலேயே வைத்திருந்தாள். இறங்கியது. நிமிர்த்திப் பிடித்தாள், வலித்தது, அடுத்த முழத்தில் மறுபடி இறங்கியது. இடப்பக்கம்.

இழைப்புளியைக் கீழே வைத்தாள். இடப்பக்கம் சாயும் கைக்கு, இடப்பக்கம் மயிரிழை உள்வாங்கிய அலகு. சாய்வும் கோணலும் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் பலகை நேராக வந்திருக்கிறது, இருபத்திரண்டு வருஷமும்.

"என்னக்கா, மயக்கமா?"

"ஒண்ணுமில்ல. கடையைச் சாத்தப்போறேன்" என்றாள். பகல் பதினொரு மணிக்கு அவள் பட்டறை சாத்தியதைத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் கிளம்பினாள். கைப்பையில் ஒரு அலகு, துணி சுற்றியபடி. துறைமுக ஊர் டிப்போவில் இறங்கி நேரக்காப்பாளரிடம் விசாரித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரா? பன்னெண்டாம் நம்பர் வண்டி. அஞ்சு நிமிஷத்துல வரும். நீங்க யாரும்மா?"

"வீட்ல இருந்து வர்றேன்."

நேரக்காப்பாளர் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

வண்டி வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல கபடி ஆடற அளவுக்கு இடம் இருக்கு." குரல் மாறவில்லை. சீட்டு கிழிக்கும் சத்தம் ஒவ்வொரு வரிசையாக நெருங்கி வந்தது.

"எங்கம்மா?"

"நீங்க எங்க போவீங்களோ அங்க."

கை அந்தரத்தில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இளைத்திருந்தார். காக்கிச் சட்டையில் ஒரு பொத்தானைக் கறுப்பு நூலில் தைத்திருந்தார், தானே தைத்த தையல், நாலாபக்கமும் இழுத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"கடைசி நிறுத்தம்" என்றார் ஒரு வழியாக. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பழக்க தோஷத்தில், "சில்லறையா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசி நிறுத்தம் கடலோரம். பத்து நிமிஷ இடைவெளி. டிரைவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்தார். காலி வண்டியின் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"வீட்ல எல்லாம்?"

"வீட்ல யாரு இருக்கா, நீங்க கேக்கறதுக்கு?"

அவள் பையிலிருந்து அலகை எடுத்து நீட்டினாள். வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார், கட்டைவிரலால் கூரைக் குறுக்கே தடவினார்.

"மெஷின்ல போட்டியா?"

"போட்டேன். கோணலா இருந்துது, நேராக்கிட்டேன்."

"அட" என்றார். கொஞ்சம் கழித்து, "மூட்டுல வெளிச்சம் வருதா?" என்று கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"ஏன் சொல்லல?" என்றாள் பிறகு. "இத்தனை வருஷமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"எதைச் சொல்றது? கட்டுப் பிரிச்ச வாரம் நீ ஒரு பலகையை வெச்சுக்கிட்டு அழுதே, ஞாபகம் இருக்கா? கை போச்சு, தொழில் போச்சுன்னு. மறுநாள்தான் நான் முதல் முதல்ல இரும்பைத் தொட்டேன். எனக்கு என்ன தெரியும்? கோணலாத் தேய்ச்சுட்டேன். திட்டு விழப்போகுதுன்னு பயந்துகிட்டே டூட்டிக்குப் போனேன். சாயங்காலம் வந்தா, நீ வாசல்லயே நிக்கறே. 'கை திரும்பிடுச்சு, பாருங்க, என் கை திரும்பிடுச்சு'ன்னு அந்தப் பலகையைத் தூக்கிக் காட்டறே. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு, இல்லம்மா, கை திரும்பல, நான் கெடுத்ததுல சரியாயிடுச்சுன்னு எவன் சொல்லுவான்?"

"அப்புறம்?"

"அப்புறம்தான் கஷ்டமே. தப்பை ஒரு தடவை யாரு வேணும்னாலும் பண்ணிடலாம். அதே தப்பை, அதே அளவுல, தினமும் பண்றது லேசா? கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு."

அவள் சிரித்தாள், அழுதாள், எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கு அவங்க முன்னாடி நான் சொன்னது" என்று ஆரம்பித்தாள்.

"நீ சொன்னது நிஜந்தான். எனக்கு இரும்பைத் தேய்க்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது." அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார். "ஆனா அதாவது தெரியும்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கேன்னு நம்பிட்டிருந்தேன். அதை நீ ஒரு வேலையாவே நினைக்கலைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுதான் தாங்கல."

"தப்புதான்" என்றாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயில் அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

"வந்துடுங்க."

"ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேனே. எழுதிக் கேட்டுப் பார்க்கறேன். உடனே விடமாட்டாங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். திரும்பும் வழியெல்லாம் அவள் கண்டக்டர் இருக்கைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் சீட்டு கொடுக்க முன்னாலும் பின்னாலும் போய் வந்தார். போகும்போதெல்லாம் அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போனார். கூட்டமில்லாதபோதும் பிடித்தார். டிப்போவில் இறங்கி ஊருக்கு வண்டி ஏறும் முன், "மெஷின்ல அந்தக் கோணல் எப்படி வரும்னு எனக்குத் தெரியாது" என்றார். "கவ்வியில ஒரு ஓரமா எதையாவது சொருகிப் பாரு. வந்தாலும் வரும்."

வந்தது. அட்டையை வைத்தாள், அதிகமாகச் சாய்ந்தது. காகிதத்தை மடித்து வைத்தாள், இன்னும் கொஞ்சம் குறையவேண்டியிருந்தது. ஒற்றைக் காகிதத் துண்டில் இடது மூலை மயிரிழை உள்வாங்கி நின்றது. தீட்டி, பொருத்தி, இழைத்து, இரண்டு பலகைகளைச் சேர்த்துத் தூக்கிப் பார்த்தபோது பாலிஷ்காரரும் குனிந்து பார்த்தார். இருட்டாக இருந்தது. "அப்பாடா" என்றார் அவர், தானே இழைத்தது போல.

மேசையை வாங்கிப்போக வந்த நூலகர் மூட்டுகளை விரலால் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "சும்மாவா மட்டக்கோல்னு பேர் வெச்சாங்க" என்றார்.

"என் கை கோணல்தாங்க" என்றாள் அவள். "அதைச் சரிபண்றவர் வெளியூர்ல இருக்காரு."

நூலகர் ஏதோ அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்.

கண்டக்டர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்தில் பதில் வந்தது. காலம் முடியும் வரை மாற்றம் கிடையாது. இன்னும் ஒரு வருஷம். இடையில் ஒரு தடவை இரண்டு நாள் லீவில் வந்தார். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார், கவ்வியைக் கழற்றி மாட்டினார், காகிதத் துண்டைப் பார்த்துச் சிரித்தார். காலையில் முக்காலியில் உட்கார்ந்து கல்லில் இரண்டு உளிகளைத் தீட்டினார். அவள் அடுப்படியில் டீ கொதித்து வழிவது தெரியாமல் நின்றிருந்தாள். மறுநாள் மாலை அவர் பஸ் ஏறிப் போனதும் வீடு முன்பைவிட இரண்டு மடங்கு காலியாகிவிட்டது. கோபமாக இருந்த காலத்தில் இவ்வளவு வலிக்கவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். குழாய் ஒழுகுது. பாலிஷ்காரருக்குப் பேத்தி பிறந்திருக்கா. அப்புறம், அலகெல்லாம் மழுங்கிப் போச்சு. எப்ப வர்றீங்க?"

"மழுங்கிப் போச்சா? மெஷின் என்னாச்சு?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

மறுமுனையில் ஏதோ வண்டி கிளம்பும் ஓசை கேட்டது.

"அடுத்த சனிக்கிழமை மாத்து டூட்டிக்கு ஆள் கேட்டுப் பார்க்கறேன்" என்றார் அவர். "நிச்சயமாச் சொல்ல முடியாது."

"கேட்டுப் பாருங்க" என்றாள்.

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.